அவசரமில்லாத ரிப்பேர்

போன் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் என்ன கோளாறு என்று சொல்வதற்கு முன்பே கேட்பது, "எப்பக் கெடைக்கும்?" என்றுதான். அரை மணி நேரம் என்றால் முகம் சுளிப்பார்கள். சாயங்காலம் என்றால் சண்டைக்கு வருவார்கள். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நான் கடை வைத்திருந்த ஏழு வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காதவர் ஒரே ஒருவர்தான். கைக்குட்டையில் சுற்றிய போனைப் பிரித்து மேஜையில் வைத்துவிட்டு அவர் சொல்வார்:

"அவசரமில்லீங்க கண்ணு. மெதுவாப் பாருங்க."

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் அதைப் படித்துவிட்டு ஒருவர் மிகவும் மரியாதையாகப் போன் போட்டு விசாரிப்பார். இப்போது கடையைக் கோயம்புத்தூருக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நான் அக்கா என்று கூப்பிட்ட அவரைப் பார்த்து நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கவும் எனக்கு வழியில்லை. ஏன் இல்லை என்பது படித்தால் தெரியும்.

நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். காரமடைக்கு உள்ளே தள்ளி ஒரு தோட்டத்து வீடு. டவுன் பஸ் பிடித்து வருவார். தலையைப் படிய வாரி, புடவையை நேர்த்தியாகக் கட்டி, ஆனால் கண் மட்டும் எந்நேரமும் சிவந்திருக்கும். முதல் தடவை வந்தபோது கண் நோய் என்றே நினைத்தேன்.

பெண் நடத்துகிற கடை என்பதால் என்னிடம் பெண்கள் கூட்டம் அதிகம். போனுக்குள் இருக்கிற போட்டோவை ஆம்பளை பார்த்துவிடுவானோ என்ற பயம். எனக்கு வேறு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். 'அரை மணி நேரத்தில் சர்வீஸ்' என்று போர்டே எழுதி மாட்டியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

முதல் தடவை அவர் கொண்டுவந்தது, சார்ஜ் ஏறாத போன். இந்தத் தொழிலில் போனைத் திறந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். மில் வேலைக்காரர் போனில் பஞ்சு இருக்கும். பாக்கு மண்டிக்காரர் போனில் செம்மண் நிறத்தில் தூசு இருக்கும். அக்காவின் போனில் சார்ஜர் சொருகும் ஓட்டைக்குள் தவிடு அடைத்துக் கிடந்தது. மாட்டுத் தவிடு. ஊசியால் கிளறி எடுத்துப் பிரஷ் போட்டேன், ஏறிவிட்டது. மொத்தம் இரண்டு நிமிடம். பெருமையாக நீட்டினேன்.

அக்கா வாங்கவில்லை. "அதுக்குள்ளயா ஆயிப்போச்சு?" என்றார்.

"ஆயிருச்சுங்க்கா. தூசுதான்."

"எதுக்கும் பொழுதோட வரைக்கும் வெச்சுப் பாருங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் வரை வைத்துப் பார்க்கச் சொல்கிறாரே, என் வேலையில் நம்பிக்கையில்லை போலிருக்கிறது என்று, வேண்டுமென்றே கண் முன்னால் சார்ஜரை மாட்டிப் பேட்டரிப் படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். கடை வாசல் தாண்டும் முன்பே அது அடித்தது.

அடுத்த மாதம் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று வந்தார். வீட்டிலேயே அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்திருக்கிறார், ஹெட்போன் ஓட்டையில் ஒரு பொன்னி அரிசி. இந்த அரிசி வைத்தியத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரிசியில் போட்டால் அரிசிதான் கெடும் என்று ஒரு பிரசங்கம் பண்ணினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தன நாளு அரிசில கெடந்தா நம்பற மாதிரி இருக்குமுங்க?" என்றார். அந்தக் கேள்வியையாவது நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மூன்றாவது தடவை டிஸ்ப்ளே போய்விட்டது. பாதித் திரை கறுப்பு. மூன்று நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லி, ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ரசீதை மடிக்காமல், கசங்காமல் பர்சில் வைத்தார். என் கடை ரசீதுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவர் வேறு யாருமில்லை.

டிஸ்ப்ளே என்னிடமே இருந்தது. ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டேன். மறுநாள் மத்தியானம் காரமடையில் ஒரு சீமந்தத்துக்குப் போக வேண்டியிருந்தது. பாவம், பஸ் பிடித்து வர வேண்டாமே, நாமே கொடுத்துவிட்டுப் போவோம் என்று வழி விசாரித்து ஸ்கூட்டரை விட்டேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. அந்த நினைப்பை இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

கதவு திறக்க நேரமாயிற்று. திறந்த அக்காவின் கன்னத்தில் தலையணைத் தையல் பதிந்திருந்தது. முடி கலைந்திருந்தது. கண்ணில் சிவப்பே இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததில்லை, பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். என் கையில் போனைக் கண்டதும் அந்தப் பத்து வயதும் திரும்பி வந்து முகத்தில் ஏறிக்கொண்டது.

"நானே வந்து வாங்கிக்குவனல்லங்க கண்ணு" என்றார்.

"இருக்கட்டுங்க்கா, இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே போனை ஆன் செய்து கொடுத்தேன். உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் வீடியோ கால் வந்துவிட்டது. திரையில் ஒரு நடுத்தர வயதுக்காரர். நெற்றியில் திருநீறு, பின்னால் போர்வெல் வண்டி. சத்தீஸ்கர் பக்கம் ஓடுகிற வண்டிக்கு மேனேஜராம். அக்காவின் வீட்டுக்காரர்.

"அம்மிணி, சாப்பிட்டாச்சா கண்ணு?"

"ஆச்சுங்க மாமா."

"போனு சரியாயிருச்சா?"

"ஆயிருச்சுங்க மாமா. இப்பத்தானுங்க."

"செரி. ஊட்டக் காட்டு."

அக்கா எழுந்து போனை வெளிப்பக்கம் திருப்பி, சமையல்கட்டு, படுக்கையறை, கொல்லைக்கதவு என்று வரிசையாகக் காட்டிக்கொண்டு நடந்தார். விருந்தாளிக்கு வீடு காட்டுகிறவர் மாதிரி நிதானமாக, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று பழகியவர் மாதிரி.

"வாசல்ல செருப்பக் காட்டு."

காட்டினார். அங்கே என் செருப்பும் கிடந்தது.

"அது யாருதுங்க?" குரல் கொஞ்சமும் உயரவில்லை. மரியாதைதான் ஒரு படி ஏறியது.

அக்கா போனை என் பக்கம் திருப்பினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். "வணக்கமுங்க அம்மணி. கடைக்காரங்களா? நெம்ப சந்தோசமுங்க. ஊடு தேடி வந்து குடுக்கறீங்க, இந்தக் காலத்துல யாருங்க செய்யறாங்க? உங்க கடை நம்பர் ஒண்ணு குடுங்க." கொடுத்தேன்.

கால் முடிந்த பிறகு அக்கா என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு இருபது தடவையும் வரும், நாற்பது தடவையும் வரும், நேரம் காலம் கிடையாது என்றார். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்கும், பெருந்துறையில் இருக்கும் அக்காவின் அண்ணனுக்கும் போன் போகும். சுவிட்ச் ஆப் என்று வந்தால் இரண்டு பேரும் வண்டியெடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள். மாட்டுக்குத் தவிடு வைக்கும்போதும் போன் கையில்தான் இருக்க வேண்டும்.

"போனு உங்க கடைல கெடக்கறபோதுதானுங்க நான் தூங்கறது. ரசீதப் பக்கத்து ஊட்டுப் போன்ல படம் புடிச்சு அனுப்பிப்போட்டா ஒத்துக்குவாரு. மெசினுன்னா ரிப்பேராகுமுன்னு அவருக்குத் தெரியுமுங்க."

நான் எடுத்த எடுப்பில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன். "உங்க அண்ணங்கிட்டச் சொல்லுங்க்கா. இதென்ன அநியாயம்?"

"என்னன்னு சொல்றதுங்க கண்ணு? அடிக்கறாரா, குடிக்கறாரா, வேற சகவாசம் உண்டா? மணிக்கு ரெண்டு தடவ போனு பண்ணி, சாப்பிட்டயா தூங்குனயான்னு கேக்கறாருன்னு சொல்லட்டுங்களா? எங்கண்ணன் அத ஊருக்கெல்லாம் பெருமையாச் சொல்லுவானுங்க."

மூன்று நாள் தூக்கத்தை ஒரே நாளில் முடித்துக் கையில் கொடுத்துவிட்டு, போதாக்குறைக்குக் கடை நம்பரையும் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அதன் பிறகு இரண்டு மாதம் கழித்து வந்த போனில், சார்ஜர் ஓட்டைக்குள் வெள்ளையாக ஏதோ இறுக்கி அடைத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், குளியல் சோப்பு. நகத்தால் கிள்ளி, குண்டூசித் தலையால் அமுக்கி வைத்த வேலை. அதைச் சுரண்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னேன்: "சோப்பு வேண்டாங்க்கா. உள்ள போய்க் காஞ்சா போர்டையே அரிச்சுரும்."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்ப வேற எது வெச்சா போர்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அவர் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான். எதுவும் வைக்க வேண்டாம், சும்மா கொண்டுவந்து கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அன்று தொடங்கியது எங்கள் கூட்டுக் களவாணித்தனம். நல்ல போனைக் கொண்டுவருவார். "இந்தத் தடவ என்ன வியாதிங்க?" என்பார். நானும் டாக்டர் மாதிரி யோசித்து, "போன தடவ டச்சு. இப்ப மைக்குன்னு எழுதட்டுங்களா?" என்பேன். ரசீதில் எழுதிக் கொடுப்பேன். போனை அணைத்து என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவேன். சத்தீஸ்கரிலிருந்து எனக்குக் கால் வரும். "சொல்லுங்கண்ணா. பார்ட்டு கோயமுத்தூர்ல இருந்து வரோணுமுங்க. நாளான்னிக்கு ஆயிருமுங்க." வேகத்துக்குப் பெயர் போன கடை, ஒரு மைக் மாற்ற நான்கு நாள் எடுத்துக்கொண்டது. வெட்கமாக இல்லை. எனக்கு அது விளையாட்டாகவே இருந்தது.

அக்காவுக்கு விளையாட்டாக இல்லை. அளவு தெரிந்துதான் நடந்துகொள்வார். மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வரமாட்டார். நான்கு நாளுக்கு மேல் போனை விட்டு வைக்க மாட்டார். திரும்ப வாங்கிக்கொண்டு போக வருகிற அன்று, கண் வெளுத்து, முகம் சதை போட்டு, கையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையோடு வருவார். போனை ஆன் செய்வதற்கு முன் அந்தக் கடலை முழுவதையும் தின்று முடிப்பார். ஒன்றொன்றாகத் தோலுரித்து, ஊதி, பஸ் ஸ்டாண்டில் ஊட்டி பஸ் ஏறுகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு தின்பார். நானும் அவசரப்படுத்த மாட்டேன். கடைசிக் கடலை தீர்ந்ததும் கையைத் தட்டிவிட்டு, "செரிங்க, போடுங்க" என்பார். நான் பட்டனை அழுத்துவேன்.

ஒரு சித்திரை மாதம். வெயில் கொளுத்திய நாள். அக்கா வந்தபோது நிற்கவே முடியவில்லை. வண்டி வேலை நின்றுபோய் வீட்டுக்காரர் அங்கே சும்மா இருக்கிறாராம். ராத்திரி பகல் இல்லாமல் கால். பேசிக்கொண்டிருக்கும்போதே என் ஷோகேஸ் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு ஒரு நொடி தூங்கிவிட்டார். ரசீதில் போர்டு ரிப்பேர் என்று எழுதினேன். சென்னைக்கு அனுப்ப வேண்டும், பத்து நாள்.

அக்கா பார்த்துவிட்டுப் பதறினார். "பத்து நாளுங்களா? நெம்பங்க கண்ணு. நாலு போதுமுங்க. நாலுக்கு மேல போனா மனுசன் யோசிக்க ஆரம்பிச்சிருவாருங்க."

"யோசிச்சா யோசிக்கட்டும். நான் பேசிக்கறேன். நீங்க போய்த் தூங்குங்க்கா."

அவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கூண்டின் அளவு அவருக்குத்தான் தெரியும், நான் வெளியே நின்று வேடிக்கை பார்த்தவள். முதல் தடவை வேகம் காட்டிக் கெடுத்தேன். இந்தத் தடவை தாமதம் காட்டிக் கெடுத்தேன்.

ஐந்தாம் நாள் கால் வந்தது. "ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா? ஒரு யோசனை கேக்கலாமுன்னு கூப்பிட்டனுங்க. அந்தப் போன இனி ரிப்பேர் பாக்கறது நல்லதா, மாத்திப்போடறது நல்லதாங்க?"

இதே கேள்வியை ஒரு நாளைக்குப் பத்துப் பேர் என்னிடம் கேட்பார்கள். பதில் எனக்குத் தூக்கத்திலும் வரும். ரிப்பேர்ச் செலவு போன் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றுங்கள். போர்டு போனால் யோசிக்காமல் மாற்றுங்கள். திரும்பத் திரும்ப வெவ்வேறு கோளாறு வந்தால் அந்தப் போனைக் கைகழுவுங்கள். இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "ரிப்பேரே போதுமுங்கண்ணா. நல்ல கம்பெனிப் போனு. ரெண்டு நாள்ல குடுத்தர்றேனுங்க" என்றேன்.

"பத்து நாளுன்னு எழுதியிருக்கறீங்களேங்க."

"சீக்கிரம் வந்துருச்சுங்கண்ணா, போர்டு."

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. "போன வருசம் வைகாசில தண்ணில விழுந்துதுங்க, ஆனில டிஸ்ப்ளேங்க. ஆவணில சார்ஜிங்குங்க. அப்பறம் டச்சு, மைக்கு, மறுபடி டச்சு. இதோட பதினோரு தடவைங்க. எல்லாம் குறிச்சு வெச்சிருக்கறனுங்க. வண்டியா இருந்தா எப்பவோ தள்ளியிருப்பனுங்க. நீங்களும் எத்தன நாளைக்குத்தான் இதோட மல்லுக்கட்டுவீங்க? பாவமுங்க."

எங்கள் ஒவ்வொரு பொய்யும் ஒரு வியாதியாக அவரிடம் வரிசையாக இருந்தது. இத்தனை வியாதி வந்த போனை வைத்துக்கொள் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. சந்தேகப்பட்டாரா, நிஜமாகவே அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மனிதரிடம் இரண்டுக்கும் ஒரே குரல்தான்.

அதற்கு மூன்றாம் நாள் கூரியரில் புதுப் போன் என் கடை விலாசத்துக்கே வந்தது. கூடவே கால். "அது தண்ணிக்குள்ள போட்டாக்கூட ஒண்ணும் ஆகாதுங்களாமா. சிம்ம மாத்தி, இருக்கற எடம் எனக்குத் தெரியற மாதிரி வெச்சுருங்க. இங்கிருந்தே கேமராவத் தொறக்கற ஆப்பு ஒண்ணு இருக்குதாமா, அதையும் போட்டுருங்க. வேற கடைல குடுக்க மனசில்லீங்க. நீங்க நம்ம ஆளு."

பக்கத்து வீட்டுப் போனில் தகவல் தெரிந்து அக்கா பத்தரை மணி பஸ்ஸில் வந்தார். நாலாம் நாளிலிருந்து ராத்திரியிலும் அந்தப் போனுக்கே கால் வருகிறதாம், கண் மறுபடி சிவந்திருந்தது. மேஜையில் பழைய போனும் புதுப் போனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் போட மாட்டேங்க்கா" என்றேன். "திருப்பி அனுப்பறேன். உங்க முன்னாலயே போன் பண்ணி நாலு வார்த்த நறுக்குன்னு கேக்கறேன்."

"வேண்டாங்க கண்ணு." அவருக்குக் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "நீங்க போடலீன்னா அடுத்த கடைல போடுவாங்க. நீங்க நாலு வார்த்த கேட்டுப்போட்டு ஊட்டுக்குப் போயிருவீங்க. பொழுதோட எனக்குத்தான் போனு வரும். நீங்களே போட்டுருங்க."

பிறகு வழக்கம்போலச் சொன்னார்: "மெதுவாப் போடுங்க."

ஸ்டூலை எடுத்துச் சுவரோரமாகப் போட்டேன், மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பினேன். உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தவர் தூங்கிவிட்டார். வேலை இருபது நிமிட வேலை. சிம் மாற்றினேன், நம்பர்களை ஏற்றினேன், வீட்டுக்காரர் சொன்னதை எல்லாம் என் கையாலேயே போட்டேன், சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தும் வைத்தேன். பிறகு போனை அணைத்துவிட்டு, கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். உருளைக்கிழங்கு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அக்கா அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. என் போனில் இரண்டு தடவை கால் வந்தது. "ஏத்திட்டிருக்கறேனுங்கண்ணா, நேரம் புடிக்குது" என்று கிசுகிசுத்தேன். அவரும், ஏனோ, குரலைத் தாழ்த்தி "செரிங்க" என்றார்.

நான்கு மணிக்கு விழித்து, "முடிஞ்சுதுங்களா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க்கா."

என் முகத்தைப் பார்த்தார், அணைந்து கிடந்த போனைப் பார்த்தார். புரிந்துகொண்டு, மறுபடியும் கண்ணை மூடினார். ஐந்தரை மணி வரைக்கும் தூங்கினார். அதற்கு மேல் விட்டால் பஸ் போய்விடும் என்று நானே தோளைத் தொட்டு எழுப்பினேன். அன்று வேர்க்கடலை இல்லை. பழைய போனைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "இது இங்கயே இருக்கட்டுங்க" என்றார். பிறகு, "செரிங்க, போடுங்க."

பட்டனை அழுத்திக் கொடுத்தேன். "வாரேனுங்க கண்ணு" என்று படியிறங்கினார். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. வருவதற்கு அந்தப் போன் கெடவே இல்லை.

அன்று அவர் ரோட்டைப் பாதி தாண்டுவதற்குள் அது அடித்தது. நடு ரோட்டிலேயே நின்று எடுத்தார். போனை உயர்த்தி பஸ் ஸ்டாண்டைக் காட்டினார், நின்றிருந்த பஸ்ஸின் போர்டைக் காட்டினார், பிறகு மெதுவாகத் திரும்பிக் கடையைக் காட்டினார், கடை வாசலில் நின்றிருந்த என்னைக் காட்டினார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சிரிக்கவும் செய்தேன். சத்தீஸ்கரில் படம் துல்லியமாகவே தெரிந்திருக்கும். கொடுப்பதற்கு முன் அந்தக் கேமராவைத் துணியால் துடைத்துக் கொடுத்ததும் நான்தான்.